என் கடைக்கு வந்து ஒரு பிடி எடுத்துப் போங்கள்

சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மூலிகைகளைச் சோதிக்கும் அறிஞர்களுக்கும், அந்தச் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும், வேலூரிலிருந்து ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரன் எழுதுவது.

வணக்கம்.

லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் என் கடை. தாத்தா ஆரம்பித்தது. அப்பா உட்கார்ந்த பலகையில் நான் உட்கார்ந்து 27 வருஷம் ஆகிறது. சுவர் முழுக்க டப்பா, பின்கட்டில் மூட்டைகள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பிரசவ லேகியச் சாமான், சளிக் காலத்தில் தூதுவளையும் ஆடாதோடையும், மூட்டுவலிக்காரர்களுக்கு முடக்கறுத்தான் பொடி. நிறுத்துப் பொட்டலம் கட்டி நீட்டும்போது வாங்குகிறவர் "இது கேட்குமா?" என்பார். "கேட்கும்" என்பேன். இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதம். காட்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "கண்ணெல்லாம் மஞ்சளா கீது நைனா, கீழாநெல்லி இருந்தா குடு" என்றார். அன்று காலையில் வந்த பச்சைக் கட்டு இருந்தது. இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்தேன். வேரோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் ஏழு நாள், உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டை அப்படியே பாடினேன். "கேக்குமா?" "கேக்கும்மா, போ."

மூன்று வாரம் கழித்து அதே அம்மா சுக்கு வாங்க வந்தார். விசாரித்தேன். ஏழு நாள் பதினான்கு நாள் ஆனதாம். ராத்திரியெல்லாம் உடம்பைப் பிறாண்டுகிற அரிப்பு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது, அப்புறம் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், பித்தக்குழாயில் கல் அடைத்துக்கொண்டிருக்கிறது. கல்லை எடுத்து ஆளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இன்னும் நாலு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "உன்மேல தப்பு இல்ல நைனா, எங்க நேரம்" என்று சொல்லி, சுக்குக்குக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று ராத்திரி மகளிடம் சொன்னேன். அப்போது அவள் பி.ஃபார்ம் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கீழாநெல்லி கேக்கலன்னு யாராவது திரும்ப வந்து சொல்லியிருக்காங்களாப்பா?" யோசித்துப் பார்த்தேன். குணமானவர்கள் வாழைப்பழச் சீப்போடு வந்து சொல்லியிருக்கிறார்கள். குணமாகாதவர்கள் வந்ததே இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று 23 வருஷம் நான் நினைத்தும் பார்க்கவில்லை. அசுத்தத் தண்ணீரால் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதை அரைத்துக் குடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான். கல் அடைத்து வருகிற காமாலை அப்படி இறங்காது. எனக்கோ இரண்டும் மஞ்சள் கண்தான்.

சரி, அப்படியானால் கீழாநெல்லி வெறும் நம்பிக்கையா என்று கேட்டேன். அவள் தேடிப் படித்துக் காட்டினாள். 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் சேர்ந்து எழுதியது. அந்தக் கிருமியை நெடுநாளாக உடம்பில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் பொடி. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. தாத்தாவின் போட்டோவைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த பக்கத்தையும் அவளே காட்டினாள். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா, முதல் ஆய்விலேயே ஏதாவது பிசகா என்று கேள்விகள் எழுந்தன. என் கடைக்கு இதில் எதுவும் வந்து சேரவில்லை. 1988-ல் அப்பாதான் கடையில் உட்கார்ந்திருந்தார். சென்னைக்கும் வேலூருக்கும் நடுவே மூன்று மணி நேரப் பயணம். ஒரு துண்டுக் காகிதம்கூட இந்தச் சந்துக்குள் நுழையவில்லை.

உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை சின்னது. சனங்கள் உண்மையில் வாங்கிக் குடிக்கிற சரக்கை, அவர்கள் குடிக்கிற பக்குவத்திலேயே சோதியுங்கள். சரக்கு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வந்து தமிழில் சொல்லுங்கள்.

உண்மையில் வாங்குகிற சரக்கு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயருக்கும் சரக்குக்கும் நடுவே நடக்கிற கூத்து எங்களுக்குத்தான் தெரியும். கீழாநெல்லி என்று வருகிற கட்டைப் பிரித்துப் போட்டால் இரண்டு மூன்று விதச் செடி இருக்கும். எல்லாவற்றுக்கும் இலைக்குக் கீழே காய்தான், இல்லையென்று சொல்ல முடியாது. பறிக்கிறவருக்கு அதெல்லாம் ஒரே குடும்பம். நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு. இதில் விலாமிச்சை அரிது. கேட்டால் வெட்டிவேரையே இன்னொரு பிடி சேர்த்துப் போடுகிற கடைகள் உண்டு. பற்படாகம் என்றால் நம் பக்கம் ஒரு செடி, கேரளத்தில் வேறொரு செடி, வடக்கே இன்னொன்று. சந்தனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூர் கிடங்கில் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவன் யாரும், ஐம்பது ரூபாய்ப் பாக்கெட்டுக்குள் அது இருக்கும் என்று நம்ப மாட்டான். வாசனை மட்டும் இருக்கும். பத்தியிலும் இருக்கிறது அந்த வாசனை.

2012-ல் டெங்கு பரவியதிலிருந்து அரசே இந்தக் குடிநீரை அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றியது. 2017-ல் இது நல்லதா கெட்டதா என்று தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கம் "பாட்டன் கண்டது, சோதிக்க நீ யார்?" இன்னொரு பக்கம் "எல்லாம் பித்தலாட்டம்." அந்தச் சண்டை நடந்த வாரத்தில் எனக்கு ஒரு நாளைக்கு மூன்று மூட்டை போனது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எந்தப் பாக்கெட்டில் ஒன்பதும் இருந்தது என்று அந்தச் சண்டையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பழைய சித்த மருத்துவ நூலில் உள்ளபடி செய்கிற மருந்துக்கு உரிமம் வாங்க, புதிதாக மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை என்பது விதி. நூலில் உள்ளபடி என்ற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்னொன்று. மகளின் கல்லூரியில் சீனியர்கள் செய்த ஆராய்ச்சிகளைப் பார்த்தேன். வேலூரைச் சுற்றி முளைக்கிற செடி ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றையும் மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, எலிக்குக் கொடுத்து, சர்க்கரை குறைந்தது, வீக்கம் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எலிகளுக்கு என் வாழ்த்துகள். ஆனால் எந்த வீட்டில் மெத்தனாலில் கஷாயம் வைக்கிறார்கள்? நாங்கள் தண்ணீரில் போட்டு எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைக்கிறோம். மெத்தனாலில் இறங்குகிற சத்து தண்ணீரில் இறங்குமா, கொதித்தால் நிற்குமா? சீனத்தில் து யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது இதே இடத்தில்தான் தடுக்கியிருக்கிறார். ஒரு செடியிலிருந்து சூடாக எடுத்த சாறு சரியாகக் கேட்கவில்லை. 1,600 வருஷத்துக்கு முந்தைய ஒரு சீன மருத்துவ நூலில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்ததாம். கொதிக்கவை என்று இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு சூடு குறைத்து ஈதர் என்ற திரவத்தில் எடுத்தார், 1971-ல் மருந்து சிக்கியது, 2015-ல் நோபல். பழைய ஏட்டில் இருந்த ஒரு வார்த்தையை அவர் மதித்துப் படித்தார். மதித்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்வது குறைவு.

என் கடையில் நான் செய்து காட்டுகிற ஒரு வித்தை உண்டு. சந்தேகப்படுகிற ஆள் வந்தால் சிறுகுறிஞ்சான் இலை இரண்டைக் கொடுத்து மெல்லச் சொல்வேன். முகம் சுளிப்பார், துப்பிவிடுவார். உடனே ஒரு துண்டு வெல்லம் கொடுப்பேன். வாயில் போட்டவர் கண்ணை விரிப்பார். இனிப்பே தெரியாது. ஆற்று மணலை மெல்வது மாதிரி இருக்கும். சர்க்கரையைப் போட்டாலும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்து நாக்கு தானாகத் திரும்பிவிடும். அந்த இலையில் இருக்கிற ஜிம்னீமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணர்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சர்க்கரைக்கொல்லி என்று பேர் வந்தது அதனால்தான். இந்த வித்தையைப் பார்த்தவர் எவரும் கால் கிலோ பொடி வாங்காமல் போனதில்லை. நாக்கில் இனிப்பைக் கொன்ற இலை ரத்தத்திலும் கொல்லும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். நான் நினைக்க விடுகிறேன்.

ரத்தத்திலும் ஏதோ செய்கிறது போலத்தான் தெரிகிறது. 1990-ல் சென்னையில் 22 சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இலையின் சாற்றை ஒன்றரை வருஷத்துக்கு மேல், வழக்கமான மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நல்ல சேதி. ஆனால் 22 பேர்தான். சீட்டுக் குலுக்கிப் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது இல்லை. 1990-லிருந்து எத்தனை வருஷம் ஓடிவிட்டது? சர்க்கரை இல்லாத வீடு வேலூரில் எத்தனை? வேலூருக்கு மருத்துவம் பார்க்க வங்காளத்திலிருந்து ரயில் ஏறி வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், சிறுகுறிஞ்சான் விளைகிற மலையின் அடிவாரத்தில், இருநூறு முந்நூறு பேரை வைத்து ஒழுங்காக ஒரு சோதனை செய்வது அவ்வளவு பெரிய காரியமா?

"இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம், மூலிகைதான்" என்று வருகிறவர்களிடம் இப்போது நான் ஒன்று சொல்கிறேன். அவர்கள் பையில் இருக்கிற மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கும் மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு நாட்டுச் செடி. அங்கே அதிகச் சிறுநீருக்குக் கொடுத்துவந்தார்கள். அதன் சத்தைப் பிரித்து, அது நஞ்சு என்று கண்டு, அதை ஒட்டிக் கெடுதல் குறைந்த ஒன்றைச் செய்தார்கள். 1957-ல் ஒரு பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அவர்கள் நாட்டு மருந்து சோதனையைத் தாண்டி மாத்திரையாகி நம் வீட்டுக்கே வந்துவிட்டது. நம் நாட்டு மருந்து என் டப்பாவிலேயே இருக்கிறது.

கெடுதலைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆடுதின்னாப்பாளை என்று ஒரு கொடி, நம் பக்கத்துக் கரம்பு நிலங்களில் படர்ந்திருக்கும். வயிற்றுப் பூச்சிக்கும் கரப்பான் என்கிற தோல் நோய்க்கும் கொடுப்பது. ஆடுகூடத் தின்னாது என்று பேரிலேயே எழுதி வைத்திருக்கிறான் தமிழன். நாம்தான் தின்றோம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது. விசாரித்தால், போட வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக இந்தப் பாளை இனத்துச் செடி மாறிப்போயிருக்கிறது. அதில் இருக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனம். மகள் சொன்ன அன்றைக்கு டப்பாவைக் காலி செய்தேன். அடுத்த நாள் ஒருவர் வந்து கேட்டார். இல்லை என்றேன். "இத்தனை நாள் வச்சிருந்தியே?" என்றார். காரணம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார். நான் ஒருத்தன் சொன்னால் அவ்வளவுதான் மதிப்பு. நீங்கள் சொல்ல வேண்டும், எதிர்க்கடைக்கும் சேர்த்து.

நித்தியகல்யாணியும் அப்படித்தான். நம் பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். அந்தப் பூவைச் சர்க்கரைக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1950-களில் கனடாவில் இரண்டு பேர் இதே சர்க்கரை நம்பிக்கையைச் சோதிக்கப் போனார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அதிலிருந்துதான் பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் வரை வந்து சேர்ந்தார்கள். தேடிப்போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனால் சர்க்கரைக்காக அதைத் தினமும் குடிக்கிறவரின் வெள்ளை அணு என்ன ஆகும் என்பதை யார் அவரிடம் சொல்வது?

அப்புறம் பாலாறு. இதை வேலூர்க்காரன் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கழிவு மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்தது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு ஆலை வளாகத்தில் குரோமியக் கழிவு மலையாகக் கிடக்கிறது. எனக்குப் பச்சிலை கொண்டுவருகிறவர்கள் வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணியை எங்கே பறிக்கிறார்கள்? ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே. வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை. செடி தண்ணீரில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும், நல்லது கெட்டது பார்க்காது. என் கரிசலாங்கண்ணியில் குரோமியம் இருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஒரு தடவை அளந்து சொல்லுங்கள் என்கிறேன். இன்ன ஊர்ச் சரக்கை வாங்காதே என்று சொன்னால் வாங்க மாட்டேன். கல்லீரலுக்கு நல்லது என்று ஒருவர் தினமும் குடிக்கிற சாறு அது.

கடைசியாக மலைப் பாட்டி. அமிர்தி வழியாக ஜவ்வாது மலையிலிருந்து மாதம் இரண்டு தடவை இறங்கி வருவார். மலையாளி இனம். கேரளம் இல்லை, இந்த மலைக் குடிகளுக்கு அதுதான் பேர். கடுக்காய், சிறுகுறிஞ்சான், மாகாளிக்கிழங்கு கொண்டுவருவார். தண்டைக் கிள்ளி மோந்து பார்த்தே இது என்ன, எந்தச் சரிவில் முளைத்தது என்று சொல்லிவிடுவார். "பூ வெக்கறதுக்கு முந்தி ஒரு கசப்பு, வெச்ச பின்னாடி வேற கசப்பு" என்பார் சிறுகுறிஞ்சானை. இதை நீங்கள் ஆறு மாதம் செலவழித்துக் கண்டுபிடிப்பீர்கள். அவரிடம் கேட்டால் ஆறு மாதம் மிச்சம். ஆனால் கேட்டால் அவர் பேரையும் எழுதுங்கள், பங்கையும் கொடுங்கள். 1987-ல் கேரளத்து அகத்திய மலையில் காணி என்ற மலைக்குடி மக்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தபோது, உரிமத் தொகையில் பாதியை அவர்கள் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். அதிலும் குறைகள் இருந்தன என்பார்கள். இருக்கட்டும். அங்கே பாதி, இங்கே பாட்டிக்கு ஒரு டீகூட வாங்கிக்கொடுத்த ஆராய்ச்சியாளரை நான் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் நான் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன். போன தை மாதத்திலிருந்து வருகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, ஈரம் போக உலர்த்தி, தனித்தனி பாட்டிலில் போட்டு வைக்கிறேன். என்ன பேர் சொல்லி வந்தது, யார் கொடுத்தது, எந்த ஊர், எந்தத் தேதி என்று மகள் எழுதி ஒட்டுகிறாள். பச்சிலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்துப் பாடம் செய்யவும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இதுவரை 63 பாட்டில் சேர்ந்திருக்கிறது. கீழாநெல்லி மட்டும் ஐந்து. ஐந்தும் ஒன்று போல இல்லை. காமாலைக்கு என்று வருகிறவர்களிடம் இப்போது "முதலில் ரத்தம் டெஸ்ட் எடுத்து, ஸ்கேன் பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் தருகிறேன்" என்கிறேன். பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. வியாபாரம் கொஞ்சம் அடிதான்.

கடை காலை ஒன்பதரைக்குத் திறப்பேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் விடுமுறை. பாட்டில்கள் மேல் தட்டில், சாமி படத்துக்கு இடப் பக்கம் இருக்கின்றன. நான் இல்லாவிட்டாலும் பையன் எடுத்துக் கொடுப்பான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் பாட்டி வருகிற நாளாகப் பார்த்து வரச் சொல்வேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரன்,
வேலூர்.